விசில் ஊதின மேஸ்திரி மகளுக்கு எழுதுவது

மக்கா,

இதுவரை யாரும் நம்பாத, இனிமேலும் மூளையுள்ள எவரும் நம்பப்போகாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று, உன் அம்மாவின் மீன்சட்டி மேல் வலது கையை வைத்து வாக்குக் கொடுக்கிறேன். வேதப்புத்தகத்தின் மேல் வைக்கலாம் என்றுதான் முதலில் போனேன். உன் அம்மா, "ஒம்ம கதைக்கு அதைத் தொடாதயும், கர்த்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி, அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஆகவே மீன்சட்டி. அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு இருந்ததால் வாக்கும் சூடாகவே இருக்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் நீ அந்த ஆஸ்பத்திரியில் மேட்ரன், நாற்பது நர்சுகள் உன் கீழே என்று முதல் பக்கத்தில் படித்ததும் செருப்புப் போடக்கூட மறந்து தெருவில் இறங்கிவிட்டேன். கொல்லயில் ஊரைத் தாண்டும்போது நீ மேட்ரன்தான். பாறசாலைச் சந்தை போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரி முழுவதற்கும் தலைமை ஆகிவிட்டாய். திரும்பி வருவதற்குள் டெல்லியிலிருந்து ஒரு மந்திரி வந்து, இருமலுக்கு மருந்து கேட்டு உன் அறை வாசலில் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். அதில் நீ கொண்டுவரப்போகிற பதினொரு சட்டங்கள். மூன்றாவது சட்டம், வேலை நேரத்தில் நர்சுகள் தங்களுக்குள் பேசக்கூடாது. ஏழாவது, தப்புச் செய்தவள் பெயரை எல்லாரும் பார்க்கிற பலகையில் எழுதிப்போடுவது. ஒன்பதாவது, டீ குடிக்க ஒவ்வொருத்தியாகத்தான் போகவேண்டும். முந்தின மேட்ரன் இளகின மனசுக்காரி, அதனால்தான் வார்டு சந்தைக்கடையாகிவிட்டது, நான் அப்படி இருக்கமாட்டேன் என்று கீழே கோடிட்டு எழுதியிருந்தாய். முதல் இரண்டு சட்டத்துக்கும் சிரித்தேன். மூன்றாவதில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சட்டத்தை உனக்கு முன்னால் உலகத்தில் போட்டவன் ஒருவன் உண்டு. அவன் இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்.

நீ பிறப்பதற்கு முன்னால், இந்தப் பக்கமெல்லாம் எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்களில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே ஓர் ஓட்டுக் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். முதலாளியின் பேரப்பிள்ளைகள் நல்லவர்கள், பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். களிமண்ணை மிதித்துக் குழைத்து, இரும்பு அச்சில் அழுத்தி ஓடாக்கி, பெரிய கொட்டகையில் மரத்தட்டுகளில் அடுக்கி நிழலில் உலர்த்தி, பிறகு சூளையில் ஏற்றிச் சுடவேண்டும். உலராத ஓடு சூளைக்குள் போனால், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி, ஓட்டைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். ஓட்டு வேலையில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான். மற்றபடி எங்கள் சூளைப் புகை கன்னியாகுமரியில் நிற்கிறவன் கண்ணைக் கரிக்கும் என்பதையும், எங்கள் ஓட்டின் மேல் யானை படுத்து உறங்கி எழுந்து போயிருக்கிறது என்பதையும் நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

கொட்டகையிலிருந்து சூளைவரை முப்பது பேர் தோளோடு தோள் நிற்பார்கள். ஓடு இரண்டிரண்டாகக் கைமாறிக் கைமாறிப் போகும். சூளை வாசலில் கடைசியாக நின்று, உள்ளே அடுக்குகிறவரிடம் கொடுத்து, சத்தமாக எண்ணுகிறவள் ஞானம்மா. வெள்ளறடை ஊர்க்காரி, புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்பிள்ளைகளை அந்த ஒரு சம்பளத்தில் வளர்த்தவள். பத்துவரை தமிழில் எண்ணுவாள், அடுத்த பத்து மலையாளத்தில், அதற்கடுத்த பத்து மறுபடி தமிழில். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். வாயை மாற்றி மாற்றி வைத்தால் தொண்டை காயாது என்றாள். நூறு ஆனதும் எண்ணிக்கையோடு சேர்த்து ஒரு செய்தி வரும். இன்றைக்கு யார் வீட்டில் கோழி அடித்தார்கள், யார் மாமியார் வந்திருக்கிறாள், எந்தத் தட்டில் ஓடு கோணியிருக்கிறது, அச்சுக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாள் ஆயிற்று, எல்லாம் அந்த நூறில் வரும். முப்பது பேரும் சிரிப்பார்கள். சிரிப்போடு ஓடு நகரும். பத்தரை மணிக்கு ஒரே பானையில் மரச்சீனிக் கிழங்கு வெந்திருக்கும், கூட ஒரு மிளகு அரைப்பும் பால் விடாத கட்டன் சாயாவும். அறுபது பேர் வேலை செய்த இடம் அது. அதில் எத்தனை பேர் தமிழ், எத்தனை பேர் மலையாளம் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் நாங்கள் முழித்திருப்போம். பசுவைத் தமிழில் திட்டி, பாலை மலையாளத்தில் விற்று, ராத்திரி ஜெபத்தைத் தமிழில் சொல்லிப் படுக்கிற ஜனங்கள் நாங்கள்.

போராட்டம் வந்ததும் அந்தக் கேள்வியும் வந்தது. எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஓர் ஊர்வலம் போகும். இங்கே மலையாளத்தாரோடுதான் இருக்கவேண்டும் என்று இன்னொன்று போகும். இரண்டும் எங்கள் கம்பெனி வாசலில்தான் திரும்பும். உள்ளே இருக்கிறவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுச் சத்தம் போடுவார்கள். முதலாளி பயந்த மனுஷர். என்னைக் கூப்பிட்டு, இன்று முதல் நீ மேஸ்திரி, உள்ளே வம்பு வராமல் பார்த்துக்கொள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை நான் செய்தேன்.

மக்கா, முப்பது வயதில் மேஸ்திரி ஆனவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. நெய்யாற்றின்கரைக் கடையில் ஒரு பித்தளை விசில் வாங்கி, சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டேன். முதல் ஊதலில் அதியன்னூரில் ஒரு தென்னையிலிருந்து பதினேழு தேங்காய் விழுந்ததாகவும், அந்தத் தேங்காய் யாருக்கு என்று கேட்டு ஒருவன் கம்பெனிக்கு வந்ததாகவும் பேச்சு உண்டு. பேச்சைப் பரப்பியவன் நான். பிறகு கொட்டகையின் நடுவே சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போட்டேன். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் கிழக்கே, மலையாளம் பேசுகிறவர்கள் மேற்கே. கலந்து நின்றால்தானே சண்டை வரும் என்பது என் மகா ராஜதந்திரம். சூளைக்குத் தீ வைக்கிற பாச்சன் மட்டும் கோட்டின் மேலேயே காலை அகற்றி நின்றான்.

"எலே பாச்சா, ஒரு பக்கம் நில்லு."

"எனக்க அம்மை தமிழு, அப்பன் மலையாளம். எந்தக் கால எடுக்கணும்னு சொல்லும் மேஸ்திரி, எடுக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வெகுநாள் அந்தக் கொட்டகையில் நான் சிரிப்பைக் கேட்கவில்லை. சிரிப்பை நிறுத்துவதற்காகவே அடுத்த சட்டம் போட்டேன். வேலை நேரத்தில் எந்த மொழியிலும் பேச்சு கூடாது. எண்ணிக்கையும் வாயால் வேண்டாம். ஓர் இணை ஓட்டுக்கு ஒரு விசில். பேசுகிறவர் பெயரை வாசலில் கரும்பலகையில் எழுதுவேன். உன் ஏழாவது சட்டம், மக்கா. எழுத்துகூட அழகாக எழுதினேன்.

ஒரு வாரத்தில் கொட்டகை கோயில் மாதிரி ஆகிவிட்டது என்று முதலாளியிடம் போய்ப் பெருமையடித்தேன். நான் பார்க்காதது, இல்லை, பார்த்தும் பார்க்காதது என்னவென்று சொல்கிறேன். முப்பது பேர் நின்ற வரிசை பதினைந்து பதினைந்தாக உடைந்ததால் கைக்குக் கை எட்டவில்லை. ஒவ்வொருவரும் ஓட்டோடு இரண்டடி நடந்து இடுப்பைத் திருப்ப வேண்டியிருந்தது. முன்பு ஒருநாள் முழுக்க நின்றும் களைக்காதவர்கள் மத்தியானத்துக்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருவனுக்கு வயிற்றுவலி, அச்சுக்காரன் வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை. மரச்சீனிப் பானை இரண்டாயிற்று. தின்கிறபோதும் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாருக்கு முதுகைக் காட்டினார்கள். அச்சு எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது. அதைச் சொல்ல யாரும் வரவில்லை. வெளியே ஊர்வலம் போனவர்கள்கூட வேலை முடிந்தபின் ஒரே கடையில் சாயா குடித்தார்கள். நாட்டில் எல்லைக்கோடு போட இன்னும் யாரும் முடிவு செய்யாத நாளில், அதை முதலில் போட்டு முடித்த பெருமை உன் அப்பனுக்குத்தான்.

வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. சூளை ஏற்றவேண்டிய நாள். ஞானம்மா வழக்கம்போல் வாசலில் நின்றாள். பாதி ஏறியிருக்கும், கையில் வாங்கிய ஓட்டை அவள் உள்ளே கொடுக்காமல் ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தபடியே விசிலை ஊதினேன். நீளமாக ஊதினேன். அவள் வாயை மூடிக்கொண்டு ஓட்டை உள்ளே கொடுத்தாள்.

நெருப்பு வைத்த மறுநாள் சூளைக்குள் வெடிச்சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் ஊர்வலக்காரர்கள் இரு தரப்பும் போலீஸ் சுடுகிறது என்று நினைத்து ஒரே வயலில் ஒன்றாகப் படுத்துக்கொண்டார்கள் என்பது என் சேர்மானம். ஆறவிட்டுச் சூளையைத் திறந்தால் பாதிக்கு மேல் சில்லு; ஈர ஓடு வெடித்து, பக்கத்தில் இருந்த உலர்ந்த ஓட்டையும் உடைத்திருந்தது. முதலாளி குனிந்து ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஈர ஓட்டை ஏற்றினது யார் என்று என்னைக் கேட்டார். ஞானம்மாதான் வாசலில் நின்று வாங்கிக் கொடுத்தது என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, மக்கா. என் வாழ்நாளில் நான் அளந்த ஆயிரம் பொய்யிலும் இவ்வளவு கெட்டது கிடையாது. அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தினமும் அவள் மிளகு அரைப்பு அரைக்கிற கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாச்சனிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனாள். அடுத்த சூளையிலும் ஓடு வெடித்தது. காரணம் கேட்டேன். அறுபது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை உனக்குச் சின்ன வயதில் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அறுபது பேரும் வேலையைப் போட்டுவிட்டு வெள்ளறடைக்கு ஊர்வலம் போனது. பாச்சன் தலையில் ஓட்டைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தது. வழியில் போலீஸ் மறித்து இது எந்தப் பக்கத்து ஊர்வலம் என்று கேட்க, "ஞானம்மா பக்கம் ஆக்கும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னது. உலர்த்துகிற தட்டுகளைக் கட்டிப் பல்லக்காக்கி அவளைத் தூக்கி வந்தது. நான் விசிலைக் கழற்றி அவள் காலடியில் வைத்தது. நீ ஒவ்வொரு தடவையும் பல்லக்கு வந்ததும் கைதட்டுவாய். அந்தக் கைதட்டலுக்காகவே பல்லக்கில் ஒரு தடவை குஞ்சம் கட்டினேன், ஒரு தடவை மயில் உட்கார்த்தினேன்.

ஊர்வலம் போகவில்லை, மக்கா. நான் ஒருவன்தான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை முடிந்து, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். விசில் சட்டைப்பையில் இருந்தது. கழற்றி வைக்கத் தோன்றவில்லை. ஞானம்மா முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனி தோலுரித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டு வந்த பிரசங்கத்தில் ஒரு சொல் வெளியே வரவில்லை. அவள்தான் இருக்கச் சொன்னாள். சாயா கொடுத்தாள். மறுபடி வேலைக்கு வரணும், முதலாளியிடம் நான் பேசுகிறேன் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"வேண்டாம் மேஸ்திரி. இங்க ரப்பர் தோட்டத்திலே பால் எடுக்கப் போறேன். மரத்துக்கிட்ட நான் என்ன பேசினாலும் அது விசில் அடிக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சாயாத் தம்ளரைக் கீழே வைத்தேன். எழுந்துவிட்டேன். வேலிவரைக்கும் போனவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மேஸ்திரியே, வடக்கே மூணாவது தட்டுக்கு மேல கூரை ஒழுகிச்சே. அதை அடைச்சாச்சா?"

கூரை ஒழுகுகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஊருக்கெல்லாம் ஓடு செய்து அனுப்புகிற கம்பெனி. மறுநாள் காலையில் பாச்சனைப் பிடித்து, உனக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும். நீரு கேக்கல்லியே" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. ஏணியை வைத்து நானே ஏறினேன். இரண்டு ஓடு நகர்ந்திருந்தது. தள்ளிவைக்க இரண்டு நிமிஷம் ஆகவில்லை. இறங்கி நேராக முதலாளியிடம் போய், வாயைத் திறந்தவளை ஊதி அடக்கியது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கி வரிசையில் நிற்கவைத்தார். ஞானம்மாவைத் திரும்பக் கூப்பிட ஆளும் அனுப்பினார். அவள் வரவில்லை. சுண்ணாம்புக் கோட்டை நாங்கள் அழித்தோம், பானையை ஒன்றாக்கினோம், பாச்சன் எண்ண ஆரம்பித்தான். ஓடு வெடிப்பது நின்றது. சிரிப்பு திரும்பி வர மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு பெரிய இடத்தில் உட்கார்ந்து எல்லைக்கோடு போட்டார்கள். நாம் இந்தப் பக்கம், கேரளத்தோடு நின்றோம். கொட்டகையில் அதற்காக யாரும் இடம் மாறி நிற்கவில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, இந்த மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதே. உனக்கு ஆறு வயதில் ராந்தல் விளக்கின் கண்ணாடியை உடைத்துச் சாக்குக்கு அடியில் மறைத்து வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா. மூன்று நாள் கழித்து உன் அம்மாவின் காலில் அந்தச் சில்லு ஏறியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டு உன்னை அடித்தேன். அடித்த கை கீழே வருவதற்குள்ளேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. நான் உள்ளே வரும்போது வீடு மொத்தமும் பேச்சை நிறுத்திக்கொள்ளுமே, அந்தப் பயம்தான் அந்தக் கண்ணாடியைச் சாக்குக்கு அடியில் வைத்தது. அதை இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ இளகிப்போக வேண்டாம். உன் நேரம், உன் சுத்தம், உன் கண்டிப்பு எல்லாம் எனக்குத் தெரியும். நோயாளிக்கு அது வேண்டும். நான் சொல்வது வேறு. உன் நாற்பது பேரில் ஒரு சின்னப் பெண் ஒருநாள் தப்பான மாத்திரையை ஒரு கிழவருக்குக் கொடுத்துவிடுவாள். கொடுத்த மறு நொடி அவளுக்கே தெரிந்துவிடும். அப்போது அவள் ஓடி வருவது உன் அறைக்கா, குப்பைக் கூடைக்கா என்பது அந்தப் பலகையைப் பொறுத்தது. அவள் உன்னிடம் ஓடி வந்தால் கிழவர் பிழைப்பார், அவளும் நல்ல நர்சாக வருவாள், அந்த ஆஸ்பத்திரியும் வளரும். பேசாத வார்டைப் பார்த்துப் பெரிய டாக்டர்கள் உன்னைப் புகழ்வார்கள். என் முதலாளியும் என்னைப் புகழ்ந்தார். திங்கட்கிழமை காலையில் பலகையை மாட்டாமல், அவர்கள் டீ குடிக்கிற மேசையில் நீயும் போய் உட்கார். நீ உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். அது நிற்பதைக் கவனி. எத்தனை நாளில் நிற்காமல் இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுது. அதற்குப் பிறகு பதினொரு சட்டத்தில் எட்டையோ ஒன்பதையோ வைத்துக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் அம்மா இதைப் படித்துப் பார்த்துவிட்டு, அறுபது பேரெல்லாம் கிடையாது, நாற்பது இருந்தாலே அதிகம் என்கிறாள். விசில் பித்தளையே இல்லை, தகரம் என்கிறாள். தேங்காய் விழவில்லை, யானை படுக்கவில்லை, வயலில் யாரும் படுக்கவில்லை. இருக்கட்டும். இந்தக் கடிதத்தில் எல்லா இடத்திலும் என் கைச்சரக்கு கொஞ்சம் கலந்திருக்கிறது. கலக்காமல் எனக்கு எழுத வராது. வேலியோரம் நின்ற என்னிடம் ஞானம்மா கேட்டாளே, அந்த ஒரு கேள்வியில் மட்டும் நான் ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை. வேலையை விட்டுத் துரத்தப்பட்டவள், கையில் கத்தியும் மரச்சீனியுமாக நின்று, அந்தக் கூரையை அடைத்தாயிற்றா என்று கேட்டாள். அது உண்மை, மக்கா.

உன் அப்பா